இரைச்சல் நீக்கப்பட்ட மனு

அரிமளத்துக்கு மேற்கே கண்மாய்க்கரையை ஒட்டிய சின்னக் குடியிருப்பில் செங்கமலத்தின் வீடுதான் கடைசி. வீட்டுக்குப் பின்னால் கண்மாய்த் தண்ணீர், இரண்டு பக்கமும் கருவேலமுள். வெளியே வர முன்பக்கம் ஒரே ஒரு பாதை. அந்தப் பாதைக்குக் குறுக்கேதான் மின்கம்பி தொங்கிக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழையில் அடிமண் இளகிக் கம்பம் சாய்ந்தது. சாய்ந்த அன்று கம்பி, கையைத் தூக்கினால் எட்டுகிற உயரத்தில் இருந்தது. பிறகு மழைக்கு மழை இறங்கி, நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றது. கம்பத்து உச்சியில் இணைப்பு தளர்ந்துபோய், ஙொய்யென்று ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்டது. வீட்டில் இருப்பவர்கள் குனிந்து போகப் பழகிக்கொண்டார்கள். மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள் என்கிற நம்பிக்கையில்தானே இந்த நாட்டில் பாதி அலுவலகங்கள் நடக்கின்றன. ஓர் ஆடு மட்டும் பழகிக்கொள்ளவில்லை. கருவேலங்காயை எட்டுவதற்காக முன்னங்காலைத் தூக்கியது, கம்பியில் பட்டது, செத்தது.

அதையும் செங்கமலம் பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பாள். ஆனால் மகள் இலக்கியா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வந்தபோது குனிந்துதான் வந்தாள். இப்போது நிறைமாசம். வயிறு இறங்க இறங்கக் கம்பியும் இறங்கிவிட்டது. இனி அவளால் குனிய முடியாது. தவழ்ந்து போகலாமென்றால் பாதை முழுக்கச் சேறு. வழுக்கி ஒரு கை மேலே போனால் முடிந்தது கதை. வலி எடுத்தால் மகளை எப்படி வெளியே கொண்டுபோவது? செங்கமலத்துக்கு இதே நினைப்பு. சோறு இறங்கவில்லை.

கரண்டு ஆபீசுக்கு ஓடினாள். அங்கே ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் மனுவைத் தொடக்கூட இல்லை.

"பேப்பர் மனு இப்பல்லாம் வாங்குறதில்லங்க. புதுக்கோட்டையில ஒலிமையம் தொறந்திருக்காங்க, தெரியாதா? அங்க போய்ச் சொல்லுங்க. அவங்க அத பாட்காஸ்ட் எபிசோடாப் பண்ணி அனுப்புவாங்க. நாங்க ஜீப்புல போகயில கேட்டுக்கிடுவோம்."

"அதுவரைக்கும் அந்த டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸையாவது புடுங்கி விடுங்களேன்."

"அதுக்குத் தனி எபிசோடு."

டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுப் பூட்டும் போட்டிருந்தார்கள். பூட்டு மட்டும் நல்ல பூட்டு.

குறைகேள் ஒலிமையம் என்பது புதுக்கோட்டை நகரத்தில் குளிரூட்டிய ஒரு கட்டடம். சுவரெல்லாம் முட்டை அட்டை போலப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். குறை சொல்ல வந்தவர்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேசினால் உள்ளே பதிவு கெடுமாம். வாசலிலேயே செங்கமலத்தின் கண்ணாடி வளையல்களைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார்கள். இருமல் உள்ளவர்கள் தெருவில் நின்றார்கள்.

வேலை தொடங்குமுன் இயக்குநர் ஆனந்தராஜ் வந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். கழுத்தில் ஹெட்போன் மாலை மாதிரி கிடந்தது.

"அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். ஆனால் எப்படி அழ வேண்டும் என்று இந்த மாவட்ட மக்களுக்கு இதுவரை யாராவது பயிற்சி கொடுத்தார்களா? இல்லை. அறுபது எழுபது வருஷமாக மக்கள் சுமாராகத்தான் அழுதிருக்கிறார்கள். ஆரம்பம் இல்லை, திருப்பம் இல்லை, முடிவு இல்லை. அப்படிப்பட்ட மனுக்களைப் படித்துப் படித்து எத்தனை அதிகாரிகள் மனம் சலித்துப் போனார்கள் தெரியுமா? அவர்கள் பட்ட கஷ்டத்தைத் தீர்க்கத்தான் இந்த மையம். இனி உங்கள் துயரம் தரமானதாக இருக்கும். தரமான துயரத்துக்குத் தீர்வுகூடத் தேவைப்படாது. கேட்டாலே போதும், மனசு நிறைந்துவிடும்."

யாரும் கைதட்டவில்லை. சத்தம் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்களே.

செங்கமலத்தைக் கதை ஆலோசகர் அன்புமொழியிடம் அனுப்பினார்கள். சின்ன வயசு, சிரித்த முகம், கெட்ட எண்ணமே இல்லாத பெண். அதுதான் செங்கமலத்துக்குப் பெரிய தொல்லையாகப் போயிற்று. கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

"சொல்லுங்கம்மா."

"கம்பி தொங்குதும்மா. எம் மக நெறமாசம். அவளால குனிய முடியல."

அன்புமொழி கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தாள். "அப்புறம்?"

"அப்புறமென்ன, அம்புட்டுத்தான்."

"அம்மா, மூணே வாக்கியத்துல எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. மிச்சம் பதினெட்டு நிமிஷம் கேக்குறவங்க என்ன பண்ணுவாங்க?"

"கம்பியத் தூக்கிக் கட்டலாம்ல?"

அன்புமொழி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஒரு கதைக்குக் கேட்பவர்களை இழுக்க ஒரு தூண்டில் வேண்டும், எதிராளி வேண்டும், நாயகியின் மனசுக்குள் ஒரு மாற்றம் வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். இந்தக் கம்பியால் நீங்கள் ஆளே மாறிவிட்டீர்களா என்று கேட்டாள். கூன் விழுந்ததைத் தவிர வேறு மாற்றம் இல்லை என்றாள் செங்கமலம்.

"சரி, யாராவது செத்திருக்காங்களா?"

"ஐயையோ, இல்லம்மா."

அன்புமொழியின் முகம் வாடிவிட்டது. "அப்ப கேக்குறவங்க எதுக்கும்மா பயப்படுவாங்க?"

செங்கமலம் குற்றம் செய்தவளைப் போலத் தலையைக் குனிந்தாள். தன் வீட்டில் சாவு விழாததற்காக ஓர் அலுவலகத்தில் வெட்கப்பட்டு நிற்க நேரும் என்று அவள் நினைத்ததே இல்லை. யோசித்து, "ஆடு ஒண்ணு செத்துச்சு" என்றாள்.

"ஆடு!" அன்புமொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆட்டுக்குப் பேர் இருக்கா?"

"ஆட்டுக்கு என்னம்மா பேரு? பேன்னு கத்துனா வரும்."

பெயரில்லாத ஆட்டுக்காக எவரும் கண்ணீர் விடமாட்டார்கள் என்பது மையத்தின் அனுபவம். ஒரு குழு கூடி, ஆட்டுக்கு முத்தழகி என்று பெயர் வைத்தது. எபிசோடின் பெயர் 'முத்தழகியின் கடைசி மேய்ச்சல்' என்றானது. முத்தழகி குட்டியாக இருந்தபோது செய்த குறும்புகளைச் செங்கமலம் சொல்ல வேண்டும். இலக்கியா பதினைந்தாவது நிமிஷத்தில் வருவாள். கம்பி அதற்கும் பிறகு வரும். முதலிலேயே வந்தால் விறுவிறுப்பு போய்விடுமாம்.

அடுத்த வாரம் ஒலிப்பதிவாளர் நிலவழகன் வீட்டுக்கே வந்தான். நீளக் குச்சியில் மயிர் போர்த்திய மைக்கைப் பார்த்துவிட்டு, ஏதோ கீரிப்பிள்ளை என்று நாய் அவனைச் சாலைவரை விரட்டிக்கொண்டு போனது. திரும்பி வந்து, பாதையில் நின்று, ஹெட்போனை மாட்டினான். முகத்தைச் சுளித்தான்.

"என்னங்கம்மா இது, ஙொய்யின்னு? ரெக்கார்டிங்கே பண்ண முடியாதே. மெயின் சுவிட்ச கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

"அத ஆஃப் பண்ண முடிஞ்சா நான் ஏந்தம்பி ஒங்ககிட்ட வாரேன்?"

"சரி விடுங்க. எடிட்ல சுத்தமா எடுத்துரலாம்."

செங்கமலம் கம்பியைத்தான் எடுத்துவிடப் போகிறான் என்று நினைத்து, அவனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள்.

அவன் அவளைக் கம்பிக்குக் கீழே குனிந்து வரச் சொன்னான். வந்தாள். திரும்பவும் வரச் சொன்னான். வந்தாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "குனியறது ஒலியில தெரிய மாட்டேங்குதும்மா. குனியும்போது 'ஐயோ'ன்னு சொல்லுங்க" என்றான். அன்று பகல் முழுக்கச் செங்கமலம் குனிந்து குனிந்து ஐயோ சொன்னாள். முதல் ஐயோ பொய்யாக இருந்தது. வெயில் ஏறிய பிறகு வந்த ஐயோக்கள் எல்லாம் உண்மையானவை. அவை அளவுக்கு மீறி இருக்கின்றன என்று முதல் ஐயோவையே வைத்துக்கொண்டான்.

எல்லாம் முடிந்ததும், "ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க. இந்த எடத்தோட அமைதி எனக்கு வேணும்" என்றான். ஆள் பேச்சு இல்லாத வெறும் அமைதியைப் பதிவு செய்து, வெட்டிய இடங்களை நிரப்ப வைத்துக்கொள்வார்களாம். வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற இலக்கியாவும் மூச்சை அடக்கினாள். அந்த ஒரு நிமிஷமும் கம்பி மட்டும் பேசிக்கொண்டே இருந்தது.

எபிசோடு வெளியானது. சென்னையில் காலை நடை போகிறவர்கள் கேட்டு முத்தழகிக்காக உருகினார்கள். கேட்டால் நல்ல தூக்கம் வருகிறது என்று ஒருவர் பாராட்டினார். கத்தாரில் வேலை பார்க்கிற செங்கமலத்தின் புருஷன் ராக்கனும் கேட்டுவிட்டு உடனே போன் போட்டான்.

"ஏத்தா, கம்பிய எப்பத் தூக்கிக் கட்டுனாங்க?"

"எங்க கட்டுனாங்க? தொங்கிக்கிட்டுத்தான் இருக்கு."

"அதுல ஙொய்யின்னு சத்தமே காணோமே! தெனமும் ஒங்கிட்டப் பேசுறப்ப காதக் கொடையுமே அது. இப்பக்கூட எனக்குக் கேக்குது. அதுல மட்டும் எங்க போச்சு?"

அப்போதுதான் செங்கமலத்துக்கு உறைத்தது. நிலவழகன் சுத்தமாக எடுத்துவிடுவேன் என்று சொன்னது எதை என்று புரிந்தது. 

அடுத்த நாளே கரண்டு ஆபீஸிலிருந்து பதில் வந்தது. 'தங்கள் எபிசோடை இப்பிரிவின் அலுவலர்கள் பயணத்தின்போது முழுமையாகக் கேட்டனர். கம்பியிலிருந்து கோளாறுக்கான ஒலி எதுவும் கேட்கவில்லை. தங்கள் குடியிருப்பில் நிலவும் அமைதி பாராட்டுக்குரியது. ஆடு குறித்து வருந்துகிறோம். மனு முடித்துவைக்கப்பட்டது.'

செங்கமலம் தலைவிரிகோலமாக முதல் பஸ் பிடித்துப் புதுக்கோட்டைக்கு ஓடினாள். வாசலில் வளையல் கழற்றுகிறவன் டப்பாவை நீட்டுமுன் இயக்குநர் அறைக்குள் நுழைந்துவிட்டாள். வாசல் நிலையில் அவள் தலை தானாகவே குனிந்தது. மரியாதைக்காகக் குனிந்தாள் என்று எடுத்துக்கொண்டு ஆனந்தராஜ் எழுந்து கைகூப்பினார்.

"சார், அந்த எரைச்சல எடுத்துட்டீங்க. அதாஞ் சார் கம்ப்ளைண்டே. அதத் திரும்பப் போட்டு அனுப்புங்க சார். எம் பிள்ளைக்கு நாள் நெருங்கிருச்சு. ஒங்க கால்ல விழுறேன்."

"அம்மா, இரைச்சலோடு அனுப்பினால் மையத்தின் மதிப்பு என்ன ஆகும்? போன மாசம் சிறந்த ஒலித்தூய்மைக்குப் பரிசு வாங்கியவர்கள் நாங்கள். கவலைப்படாதீர்கள், உங்கள் கதைக்கு இரண்டாவது சீசன் அனுமதித்துவிட்டேன். தை மாசம் தொடக்கம்."

"தையா? அவளுக்குக் கார்த்திகையிலயே பொறந்துரும் சார்!"

"அதுதான் அழகே! குழந்தை முதலில் வருமா, கம்பி முதலில் ஏறுமா? கேட்பவர்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். ஒன்றே ஒன்றுதான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை நீங்களாக எதையும் சரிசெய்துவிடாதீர்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டால் எங்களுக்கு வேலை இல்லை, பாருங்கள்."

மனசில் இருந்ததைப் பளிச்சென்று சொல்லிவிட்டார், நல்ல மனிதர். 

அடுத்த பஸ் பிடித்துத் திரும்பினாள். குடியிருப்பில் இறங்கினாள். நேரே வீட்டுக்குப் போய்க் களைக்கொத்தை எடுத்துவந்தாள். கம்பிக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்து பாதையைத் தோண்ட ஆரம்பித்தாள்.

பக்கத்து வீட்டு அய்யாக்கண்ணு ஓடிவந்தார். "என்னத்தா பண்ற? கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"கம்பிய ஏத்த ஒருத்தனும் வர மாட்டேங்குறான். நான் தரைய எறக்குறேன்."

அவர் கம்பியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வாசலில் நின்ற இலக்கியாவைப் பார்த்தார். பிறகு போய்த் தன் வீட்டுக் களைக்கொத்தோடு வந்தார். கொஞ்ச நேரத்தில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். கடப்பாரையை ஓங்க முடியாது, மண்வெட்டியைத் தூக்க முடியாது, மேலே மரணம் தொங்குகிறது. ஆகவே எல்லோரும் குத்தவைத்தபடியே, நாற்று நடுகிறவர்கள் போல வரிசையாக நகர்ந்து, மண்ணைக் கொத்திக் கொத்திக் கையால் அள்ளிப் பின்னால் தள்ளினார்கள். அரசாங்கம் எத்தனையோ திட்டத்தில் எத்தனையோ பள்ளம் வெட்டச் சொல்லியிருக்கிறது. அவர்கள் இவ்வளவு மனசு வைத்து ஒரு பள்ளமும் வெட்டியதில்லை. இருட்டுவதற்குள் பாதை இடுப்பளவு இறங்கி, இரண்டு பக்கமும் சரிவு எடுத்து, ஆள் நிமிர்ந்து நடக்கலாம் என்று ஆகிவிட்டது.

விடிந்ததும் இலக்கியாவுக்கு வலி எடுத்தது. தூறலும் தொடங்கியது. ஆம்புலன்ஸ் கம்பிக்கு அங்கிட்டு வந்து நின்றது. அதற்குப் பின்னாலேயே மையத்தின் கார். ஊரே சேர்ந்து தரையை இறக்குகிறது என்று யாரோ சொல்லி, நிலவழகன் மயிர் மைக்கோடு இறங்கினான்.

பள்ளத்தில் முழங்காலளவு தண்ணீர் சேர்ந்திருந்தது. கீழே தண்ணீர், மேலே கரண்டு. செங்கமலம் மகளின் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "நிமுந்து நட. பயப்படாத. நான் இருக்கேன்" என்றாள்.  கம்பி தலைக்கு ஒரு சாண் மேலே இரைந்தது. பள்ளத்தின் நடுவில் ஒரு வலி சுண்டி இழுத்து, இலக்கியா அப்படியே நின்றுவிட்டாள். உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"சூப்பர். யாரும் பேசாதீங்க" என்றான் நிலவழகன் கரையிலிருந்து. "ஒரு நிமிஷம். இந்த அமைதி எனக்கு வேணும்."

இத்தனை நாளும் அடக்கி வைத்ததெல்லாம் செங்கமலத்துக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"கத்துடி" என்றாள் மகளிடம். "ஏண்டி வாய அடக்குற? நல்லாக் கத்து! அவன் மிசின் வெடிக்கட்டும்!"

இலக்கியா கத்தினாள். அய்யாக்கண்ணு கத்தினார். கரையில் நின்ற பெண்களெல்லாம் கத்தினார்கள். நிலவழகன் ஹெட்போனைப் பிய்த்தெறிந்து காதைப் பொத்திக்கொண்டான். அந்தக் கூச்சலின் ஊடே இலக்கியா பள்ளத்தைத் தாண்டிக் கரையேறி, ஆம்புலன்ஸில் ஏறினாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கையோடு பெண் குழந்தை பிறந்தது.

இதற்கு ஒரு பாராட்டு விழா நடந்தது, மையத்துக்கு. ஆனந்தராஜ் மேடையில் தழுதழுத்தார்: "ஒரு பாட்காஸ்ட் பூமியையே அசைக்குமா என்று கேட்டார்கள். அரிமளம் பக்கத்தில் போய்ப் பாருங்கள், மூன்றடி அசைந்திருக்கிறது!"

விழாவில் கிளம்பிய சூட்டில் கரண்டு ஆபீஸிலிருந்தும் நேரிலேயே வந்து அளந்தார்கள். பள்ளத்தின் ஆழமான இடத்தில் டேப்பை வைத்தார்கள். கம்பியின் உயரம் போதுமானதாக உள்ளது என்று பதில் எழுதினார்கள். மேற்படி பள்ளத்தை யாரேனும் மூடினால் உயரம் குறைந்து ஆபத்து ஏற்படும் என்பதால், மூடுவது தண்டனைக்குரியது என்றும் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

மழை விடவில்லை. பள்ளம் நிரம்பி வழிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மகளையும் பேத்தியையும் செங்கமலம் கம்பிக்கு அங்கிட்டு இருந்த அய்யாக்கண்ணு வீட்டிலேயே தங்கவைத்தாள். தன் வீட்டை எட்ட நின்று பார்த்துவிட்டு, பேத்தியை ஆஸ்பத்திரியில் காட்டப் போன நாளில், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் மையத்துப் படியேறினாள். வேறு எங்கே போவாள்?

பள்ளத்தில் தண்ணீர் என்றதும் அன்புமொழிக்கு உண்மையிலேயே சந்தோஷம். "இப்பத்தாம்மா ஒங்க பிரச்சினையில நல்ல சத்தம் இருக்கு! தண்ணி கலங்குறது, கால் வழுக்குறது எல்லாம் அருமையா வரும்." அவளை உள்ளே அழைத்துப்போய் மைக்குக்கு முன்னால் உட்காரவைத்தாள். பக்கத்திலேயே நிலவழகன் மிஷினோடு இருந்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. அன்புமொழி பழைய பரிவோடு குனிந்து கேட்டாள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. இந்தத் தடவையாவது யாராவது செத்திருக்காங்களா?"

தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அப்போது விழித்துக்கொண்டது. பசி போலும். வாயைத் திறந்து, பஞ்சுச் சுவரெல்லாம் அதிர, வீறிட்டு அழ ஆரம்பித்தது. நிலவழகனின் கை சத்தத்தைக் குறைக்கிற குமிழை நோக்கிப் போனது.

செங்கமலம் எட்டி அந்தக் கையைப் பிடித்தாள். மண் கொத்திய கை அது, அவன் எவ்வளவு இழுத்தும் விடவில்லை.

"இத எடுக்காத" என்றாள். "இதாவது அந்தக் கரண்டு ஆபீசுக்காரன் காதுல விழட்டும்."

குழந்தை அழுதுகொண்டே இருந்தது.